ஸார்க் விளையாடியவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள்

வணக்கம். இன்ஃபோகாம் உருவாக்கி 1980-இல் வெளிவந்த ஸார்க் என்ற எழுத்து மட்டுமே உள்ள சாகச கேமின் முதல் பாகத்தை லேப்டாப்பில் ஃப்ராட்ஸ் (இந்த மாதிரிப் பழைய கேம்களை ஓட்டும் மென்பொருள்) போட்டு விளையாடிக்கொண்டிருக்கிறேன். படம் கிடையாது, சத்தம் கிடையாது, வெள்ளை வீட்டுக்கு மேற்கே நிற்கிறாய், இங்கே ஒரு தபால்பெட்டி இருக்கிறது என்று இரண்டு வரி வரும், நாம் 'ஓப்பன் மெயில்பாக்ஸ்' என்று தட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் விளக்கில்லாமல் நடந்தால் க்ரூ என்கிற இருட்டில் வாழும் ஜந்து தின்றுவிடும் என்று வரும்போது இன்றைய கிராஃபிக்ஸ் கேம் எதிலும் வராத திகில் வருகிறது. அந்த க்ரூவைக் கண்ணில் காட்டவே மாட்டார்கள், அதுதான் விஷயமே என்பது என் கட்சி.

சரி, பிரச்சினை இதுதான். கேமில் வரும் சுற்றுவழியில் (மேஸ்) எல்லா இடத்துக்கும் ஒரே வர்ணனை. அடையாளத்துக்கு ஒவ்வொரு பொருளாகப் போட்டுக்கொண்டே போனால் திருடன் வந்து எடுத்துப்போகிறான், அப்புறம் வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் பழைய இடமும் வருவதில்லை. லாந்தர் பேட்டரி வேறு இறங்கிக்கொண்டே இருக்கிறது.

முழு விடை வேண்டாம், வாக்த்ரூ லிங்க்கும் வேண்டாம் (அது எனக்கே கிடைக்கும்). திருடனை முதலில் ஒழித்துவிட்டுத்தான் இதற்குள் வர வேண்டுமா? காகிதத்தில் மேப் எப்படி வரைந்தீர்கள்? யாரிடமாவது பழைய மேப் இருந்தால் ஒரு மூலையை மட்டும் போட்டோ எடுத்துப் போடுங்களேன்.