தில்லிக் கோடைக்கு நாயின் முடியை மழித்துவிடலாமா?

ஆர்.கே.புரம் ராஜி (மே 24):
எங்கள் கோல்டன் ரிட்ரீவருக்கு நான்கு வயது. பெங்களூரில் வளர்ந்தது, கணவருக்கு மாற்றலானதால் சென்ற டிசம்பரில்தான் தில்லிக்கு வந்தோம். அரசுக் குடியிருப்பில் எங்களுடையது கடைசி மாடி என்பதால், காலை பதினொரு மணிக்கே கூரையிலிருந்து வெக்கை இறங்கத் தொடங்கிவிடுகிறது. நாயோ குளியலறைத் தரையை விட்டு எழுந்து வருவதே இல்லை. நாய்களுக்கு முடி வெட்டும் கடையில், "ஜீரோ கட் போட்டால் (தோல் தெரிய ஒட்ட மழித்தால்) சரியாகிவிடும்" என்கிறார்கள். மாமனாரும் அதையே சொல்கிறார். மழிக்கலாமா, கூடாதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஜனக்புரி சேகர்:
தாராளமாக மழிக்கலாம் அம்மா. என்னிடம் இருப்பது பொமரேனியன் என்ற பெயரில் விற்கப்பட்ட இந்திய ஸ்பிட்ஸ். மூன்று ஆண்டுகளாகக் கோடையில் மழித்து வருகிறேன். ஒரு குறையும் வந்ததில்லை. மழித்த அன்று மாலையே வீட்டுக்குள் குதித்துக் குதித்து ஓடும். 45 டிகிரி வெயிலில் கம்பளிச் சட்டை அணிந்து நிற்க நம்மால் முடியுமா? வாயில்லாச் சீவனுக்கு மட்டும் அது எப்படிச் சுகமாக இருக்கும்? உண்ணி ஏறினாலும் உடனே கண்ணில் பட்டுவிடும் என்பது கூடுதல் நன்மை.

மயூர் விஹார் மீனா:
சேகர் ஐயா சொல்லும் கம்பளிச் சட்டை உவமையில்தான் எனக்கு உடன்பாடில்லை. நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. அந்த வியர்வை காற்றில் உலரும்போது உடல் குளிர்கிறது, சட்டை அதற்குத் தடையாகிறது. நாய்க்குப் பாத மெத்தைகளைத் தவிர வேறெங்கும் குறிப்பிடத்தக்க அளவில் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது, வாயிலும் மூக்கிலும் சுவாசப் பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாவதால்தான் அதன் உடல் பெருமளவு குளிர்கிறது. ஆகவே முதுகு முடியை எடுத்துவிட்டால் வியர்வை உலர்ந்து குளிர்ந்துவிடும் என்று எண்ணுவதற்கு இடமில்லை. உலர்வதற்கு அங்கே வியர்வையே கிடையாது.

கோல்டன் ரிட்ரீவர், ஸ்பிட்ஸ், ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்டு போன்றவற்றுக்கு முடி இரண்டு அடுக்காக இருக்கும். பஞ்சு போன்ற அடிமுடி கோடை நெருங்கும்போது தானாகவே உதிர்கிறது. நீளமான மேல்முடி வெயில் நேரே தோலில் விழாமல் மறைக்கிறது. உதிர்ந்த அடிமுடி வெளியேறாமல் சிக்கிக்கொண்டால்தான் காற்றோட்டம் கெடுகிறது. அதற்கு மருந்து, சீப்பால் வாருவதுதான். எங்கள் வீட்டில் மார்ச் மாதம் முழுவதும் பால்கனியில் செய்தித்தாளை விரித்து அகலப்பல் சீப்பால் வாரி எடுப்போம். ஒரு தலையணைக்குப் போதுமான அளவு வெள்ளைப் பஞ்சு சேர்ந்துவிடும். இவ்வளவு சொல்கிற நானும் முன்பு ஒருமுறை கடைக்காரர் பேச்சைக் கேட்டு மழித்தவள்தான். தொடைப் பக்கம் முடி மீண்டும் வளர ஓராண்டுக்கு மேலாயிற்று. வளர்ந்ததும் திட்டுத் திட்டாகத்தான் வளர்ந்தது. இரட்டை முடி இனங்களில் அப்படி நேர்வதுண்டு என்று மருத்துவர் பிறகுதான் சொன்னார்.

ஜனக்புரி சேகர்:
படித்ததைச் சொல்கிறீர்கள்; நான் பார்த்ததைச் சொல்கிறேன். மழித்தபின் என் நாய் உற்சாகமாக இருப்பது கண்கூடு. காதுக்குப் பின்னாலும் வாலடியிலும் முடி கயிறுபோல முறுக்கிக்கொண்டு சீப்பே இறங்காத நிலையில், வாரச் சொல்வது எளிது, செய்வது கடினம். வேலைக்குப் போகிறவர்களுக்கு நாள்தோறும் அரைமணி நேரம் யார் தருவார்கள்?

மயூர் விஹார் மீனா:
அதை மறுக்கவில்லை. சடை கட்டிய முடியை வெட்டித்தான் ஆக வேண்டும். இழுத்து வாரினால் தோல் புண்ணாகும். அந்தச் சடை போனதால் வந்த உற்சாகத்தைத்தான் நீங்கள் மழித்ததால் வந்தது என்று கணக்கில் எழுதுகிறீர்கள் என்பது என் ஐயம். ஷிட்ஸூ, பூடில் போன்று முடி நிற்காமல் வளரும் இனங்களைக் குறுக வெட்டுவதிலும் தவறில்லை. ரிட்ரீவருக்குப் பாத விரல்களின் இடுக்கிலும் அடிவயிற்றிலும் திருத்தலாம்; குளிர்ந்த தரையில் படுக்கும்போது வயிற்றுப் பக்கம்தான் வெப்பத்தை இறக்குகிறது. முதுகைத் தொட வேண்டாம். உண்ணியைப் பொறுத்தவரை, அது விரும்பி ஒளியும் இடங்களான காது மடலின் உட்புறத்தையும் விரல் இடுக்கையும் மழித்த நாய்க்கும் தினமும் விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

கரோல்பாக் பெரியவர்:
நீங்கள் இருவரும் முடியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நாற்பது ஆண்டுகளாகத் தில்லியில் இருக்கிறேன். எங்கள் தெரு நாய்களுக்குச் சீப்பும் இல்லை, ஏசியும் இல்லை. அவை நன்றாகத்தான் இருக்கின்றன. ஸ்காட்லாந்தில் உருவான நாயை இங்கே வாங்கி வளர்ப்பதுதான் முதல் தவறு.

மயூர் விஹார் மீனா:
தெரு நாய்கள் பகலில் என்ன செய்கின்றன என்று பாருங்கள் ஐயா. நிறுத்தி வைத்த காருக்கு அடியில் கிடக்கும். தண்ணீர் லாரி ஒழுகிய ஈர மண்ணைத் தோண்டி அதற்குள் வயிற்றை அழுத்திக்கொண்டு படுக்கும். மாலை ஏழு மணி வரை தெருவைக் கடக்கக்கூட எழாது. அவற்றுக்கு இடத்தைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இருக்கிறது. மேற்குப் பார்த்த பால்கனியில் சங்கிலியால் கட்டப்பட்ட நாய்க்கு அது கிடையாது. அது நாட்டு நாயாகவே இருந்தாலும் அங்கே செத்துப்போகும்.

ரோகிணி பக் வளர்ப்பவர்:
நேற்றுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் நாய் மூக்கு சப்பையான பக் இனம். அதற்கு முடி கட்டை, மழிக்க ஒன்றுமே இல்லை. மாலை ஐந்தரை மணிக்குப் பையன் கீழே அழைத்துப் போனான். வெயில் தணிந்துவிட்டது என்று நினைத்தோம், தார்ச்சாலை தணியவில்லை. இருபது நிமிடத்தில் தூக்கிக்கொண்டு வந்தான். நாக்கு கருஞ்சிவப்பாக, வாயிலிருந்து கோழை கயிறாகத் தொங்க, கால்கள் தள்ளாடின. நனைக்கலாம் என்று குழாயைத் திறந்தால், மொட்டை மாடித் தொட்டியில் காய்ந்த தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது! நல்லவேளையாகச் சமையலறையில் மறுநாளைக்கென்று பிடித்து வைத்த இரண்டு வாளிகள் இருந்தன. உடல் முழுதும் ஊற்றி, மேசை விசிறியை நேராக வைத்து, ஆசனவாயில் வெப்பமானியை வைத்துப் பார்த்தபோது 106 டிகிரி பாரன்ஹீட். 103க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடினோம். "வரும் முன் குளிர வைத்ததுதான் காப்பாற்றியது" என்றார். ஈரத் துண்டால் சுற்றி வைத்திருந்தால் சூடு உள்ளேயே அடைபட்டிருக்கும் என்றும் சொன்னார். மூக்கு சப்பையான இனங்களுக்கு இரைப்பதே பெரும்பாடு என்பதை வாங்கும்போது யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

ஆர்.கே.புரம் ராஜி:
படித்ததும் கை நடுங்கிவிட்டது. இன்றிலிருந்து நடைக்குக் காலை ஐந்து மணி, இரவு பத்து மணி என்று மாற்றிவிட்டோம். இறங்கியதும் புறங்கையைச் சாலையில் வைத்து ஏழு விநாடி எண்ணிப் பார்க்கிறேன். கை தாங்கினால்தான் நடை. ஒரு சந்தேகம்: பகலில் நான் அலுவலகம் போய்விடுகிறேன். கூலர் போதுமா, ஏசி வேண்டுமா? மோர் கொடுக்கலாமா?

மயூர் விஹார் மீனா:
மோர் கொஞ்சம் கொடுக்கலாம்; உப்பும் தாளிப்பும் வேண்டாம், முக்கியமாக வெங்காயம் கூடவே கூடாது. வயிறு இளகினால் நிறுத்திவிடுங்கள். எதுவாயினும் தண்ணீருக்கு ஈடாகாது. இரண்டு இடங்களில் அகலக் கிண்ணம் வையுங்கள், ஒன்றைக் கவிழ்த்தாலும் மற்றது இருக்கும்.

கூலர் கேள்விதான் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி. கூலரும் நாயும் ஒரே முறையில்தான் வேலை செய்கின்றன: நீர் ஆவியானால்தான் குளிர்ச்சி. மே மாதத்தில் வீசும் லூ என்ற அனல் காற்று வறண்டது. கூலரின் பக்கங்களில் உள்ள புல்தட்டியின் ஈரம் உடனே ஆவியாகிறது, அறை குளிர்கிறது, நாயின் இரைப்பும் பலிக்கிறது. சன்னலைத் திறந்து காற்று வெளியேற வழிவிட்டால் இப்போதைக்குக் கூலரே போதும். தில்லிக்குப் பருவமழை வரும் வழக்கமான நாள் ஜூன் 27. அதன்பின் வெப்பமானி 35தான் காட்டும். நாம் "அப்பாடா" என்போம். ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் கூலர் பிசுபிசுப்பைத்தான் தரும், நாயும் எவ்வளவு இரைத்தாலும் குளிராது. மே மாதத்தில் எச்சரிக்கையாக இருந்தவர்கள் ஜூலையில் அசந்துபோவதை எங்கள் வளாகத்திலேயே பார்க்கிறேன். ஜூலை, ஆகஸ்ட் ஆகிய இரண்டு மாதங்களுக்குத்தான் ஏசி வேண்டும். முடியாவிட்டால் நனைத்த தரையும் நேரான விசிறியும், பகலில் வந்து பார்க்க ஓர் ஆளும் வேண்டும்.

ஜனக்புரி சேகர்:
கூலர் கணக்கு எனக்குப் புரிகிறது. கோடையிலேயே மழித்திருந்தும் சென்ற ஆகஸ்டில் என் நாய் ஏன் அப்படி இரைத்தது என்று இப்போதுதான் யோசிக்கிறேன். ஆனாலும் முடி விஷயத்தில் நான் முழுவதும் மாறிவிடவில்லை. இந்த ஆண்டும் வெட்டத்தான் போகிறேன். தோல் தெரிய மழிக்காமல் ஓர் அங்குலம் விடச் சொல்லியிருக்கிறேன், சடை உள்ள இடத்தில் மட்டும் ஒட்ட வெட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஆர்.கே.புரம் ராஜி:
அகலப்பல் சீப்பு வாங்கிவிட்டேன். முதல் நாளே இரண்டு பை நிறையப் பஞ்சு வந்தது. மாமனார் அதைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் கடைக்குப் போக வேண்டாம்" என்றார். இரவு பிடித்து வைக்கும் வாளிகளில் ஒன்றை இப்போது யாரும் தொடுவதில்லை.