கல்விச் சீர்திருத்தம் கொள்கையாவது எதனால்: அவமானமா, பணமா, பேரமா?

வெண்பலகை:
வல்லுநர் குழு அறிக்கை கொடுத்ததும் அரசு ஏற்றுக்கொள்ளும் என்று இன்னுமா நம்புகிறீர்கள்? அறிக்கை அலமாரியில் தூங்கும். அதைத் தட்டி எழுப்புவது அவமானம்தான். பல நாடுகளின் பதினைந்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிடும் பீசா தேர்வு முடிவு 2001 டிசம்பரில் வந்தபோது ஜெர்மனி வாசிப்பு, கணக்கு, அறிவியல் மூன்றிலும் சராசரிக்குக் கீழே. பள்ளி என்றால் ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் 16 மாநிலங்களும் 2003-இலேயே பொதுக் கல்வித்தரத்துக்கு ஒப்புக்கொண்டன.

கடைசிபெஞ்ச்:
பாதிக் கதைதான் சொல்கிறீர்கள். பன்னாட்டு ஒப்பீட்டுத் தேர்வுகளில் கலந்துகொள்வது என்று அதே மாநில அமைச்சர்கள் 1997-இலேயே கான்ஸ்டன்ஸ் நகரில் முடிவெடுத்தாயிற்று. மாற்றம் கேட்டவர்கள் உள்ளேயே இருந்தார்கள். 2001 முடிவு அவர்களுக்கு வசதியாகப் போயிற்று, அவ்வளவே.

தணிக்கையாளன்:
இருவரும் காசை மறந்துவிட்டீர்களே! பாடத்திட்டத்தில் கைவைக்க அமெரிக்க மத்திய அரசுக்குச் சட்டமே தடை. அதனால் 2009-இல் 435 கோடி டாலரை வைத்து மாநிலங்களைப் போட்டிக்கு இழுத்தார்கள். மொத்தம் 500 மதிப்பெண், அதில் 40 மாநிலங்களுக்குப் பொதுவான பாடத்தரத்துக்கு. கென்டக்கி மாநிலம் 2010 பிப்ரவரியிலேயே அதை ஏற்றுக்கொண்டது. பாடத்தரத்தின் இறுதி வடிவம் வெளிவந்ததோ ஜூனில்!

கடைசிபெஞ்ச்:
கென்டக்கியைப் போய் உதாரணம் காட்டுகிறீர்களே ஐயா. பாடத்தரத்தைத் திருத்தச் சொல்லி அங்கே 2009 மார்ச்சிலேயே மாநிலச் சட்டம் வந்துவிட்டது. போட்டி அறிவிப்பு வந்தது ஜூலையில்.

தணிக்கையாளன்:
கென்டக்கி கிடக்கட்டும். 2010 ஆகஸ்ட் 2-க்குள் ஏற்றால்தான் முழு மதிப்பெண் என்று கெடு வைத்தது எதற்காம்? ஆசை காட்டி வாங்கிய சம்மதம் நிற்கவும் இல்லை. 2014-இல் இண்டியானா கழன்றுகொண்டது, அதுதான் முதல் மாநிலம்.

கடைசிபெஞ்ச்:
நிற்கிற சம்மதம் வேண்டுமென்றால் பின்லாந்தைப் பாருங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பொதுப்பள்ளி என்று 1963-இல் நாடாளுமன்ற ஒப்புதல், 1968-இல் சட்டம். 1972-இல் வடக்கே லாப்லாந்தில் தொடங்கித் தெற்கே வந்து முடிய 1977 ஆயிற்று. எதிர்த்தவர்களைச் சமாதானப்படுத்த, கணக்குக்கும் அயல்மொழிக்கும் திறன்வாரிப் பிரிவுகளை 1980-களின் நடுப்பகுதி வரை விட்டுவைத்தார்கள்.

வெண்பலகை:
அதாவது, கீழ்ப்பிரிவில் தள்ளப்பட்ட பிள்ளைகளின் தலையில் கைவைத்துப் பேரத்தை முடித்தார்கள். இதைப் போய் முன்மாதிரி என்கிறீர்கள்!

கடைசிபெஞ்ச்:
அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரிவே கூடாது என்று அன்றைக்கே பிடிவாதம் பிடித்திருந்தால் 1968 சட்டம் நிறைவேறியிருக்காது என்பது என் கணிப்பு. பழைய முறையில் பதினொரு வயதிலேயே பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து வேறுவேறு பள்ளிக்கு அனுப்பினார்கள். அது அப்படியே தொடர்ந்திருக்கும். உங்களுக்கு எது பரவாயில்லை?