மறு: கூலண்டுக்குத் தமிழ்ச் சொல் – வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:

அனைவருக்கும் வணக்கம். பழைய கார் வாங்கியவர் முதல் வாரத்திலேயே தாமாகச் சோதித்துப் பார்க்க வேண்டியவற்றைச் சொல்லும் கையேடு ஒன்றைத் தமிழில் தந்துகொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பிரேக், டயர், பேட்டரி எல்லாம் முடிந்துவிட்டன. எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்பு பற்றிய அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். காரணம் கூலண்ட், அதாவது எஞ்சினுக்குள் சுற்றி ஓடி அதன் சூட்டை எடுத்துச்செல்லும் நீர்மம். குளிர்வி, குளிர்விப்பான், குளிரூட்டி, குளிர்நீர் என்று ஆளுக்கொன்றாக எழுதுகிறார்கள். தனியாகப் பார்த்தால் எல்லாமே சரி என்றுதான் படுகிறது, வாக்கியத்தில் வைக்கும்போதுதான் இடிக்கிறது. நான் எழுத வேண்டிய மூன்று வாக்கியங்களைத் தருகிறேன், மூன்றிலும் பொருந்தும் சொல்லாகச் சொல்லுங்கள்.

"எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே மூடியைத் திறந்து ... அளவைப் பாருங்கள்."
"... துருநிறமாக இருந்தாலோ அதில் எண்ணெய் மிதந்தாலோ வண்டியை ஓட்டாதீர்கள்."
"... குறைந்திருந்தால் வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிட்டுப் போகாதீர்கள்."

மூன்றாவதில் குளிர்நீர் என்று போட்டால் படிப்பவர் குழம்பிப் போவார்.

இலக்கண ஆசிரியர்:

அம்மா, குளிர்வி என்றே போடுங்கள், தயங்க வேண்டாம். குளிர் தன்வினை, குளிர்வி பிறவினை, அதன்மேல் இகர விகுதி சேர்ந்தால் பெயர். இந்த இகரம் வினைமுதலுக்கும் வரும், செயப்படுபொருளுக்கும் வரும், கருவிக்கும் வரும். அலரி, ஊருணி, மண்வெட்டி என்று நாம் எல்லோரும் படித்ததுதான். வள்ளுவர் 306ஆம் குறளில் சினம் என்னும் நெருப்பைச் 'சேர்ந்தாரைக் கொல்லி' என்கிறாரே, அந்த ஆட்சி ஒன்று போதும். குளிர்விப்பான் என்பதை நான் ஏற்க மாட்டேன். ஆன் விகுதி உயர்திணை ஆண்பாலுக்கு உரியது, அதை அஃறிணைப் பொருளுக்கெல்லாம் ஒட்டுவது அண்மைக்கால வழக்கம். அழிப்பான், திறப்பான் என்று பழகிவிட்டதால் அது சரியாகிவிடாது.

பணிமனை நடத்துபவர்:

ஐயா, இலக்கணத்தில் உங்களோடு வாதாட எனக்குத் தகுதி இல்லை. ஆனால் குளிர்வி, குளிரூட்டி இரண்டுமே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். காரில் குளிர் என்ற சொல்லைக் கேட்டதும் மக்களுக்கு ஏசிதான் நினைவுக்கு வரும். வண்டி வாங்கிய மறுநாளே பதறிப்போய் வருவார்கள், வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது என்று. பாதிப்பேருக்கு அது ஏசி தண்ணீர், காற்றிலுள்ள ஈரம் உள்ளே குளிர்ந்து சொட்டுவது, குற்றமே இல்லை. கூலண்ட் கசிவு வேறு. நிறம் இருக்கும், விரலில் தொட்டால் வழுவழுவென்று இருக்கும், இனித்த வாடை அடிக்கும். இதனால்தான் ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை அட்டையைப் போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அட்டையில் பச்சையோ இளஞ்சிவப்போ ஆரஞ்சோ கறை இருந்தால் எந்த இடத்துக்கு நேர் கீழே விழுந்திருக்கிறது என்று பார்த்தாலே ஹோஸ் என்னும் ரப்பர் குழாயா, வாட்டர் பம்பா, ரேடியேட்டரா என்று பாதி தெரிந்துவிடும். "குளிர்வி கசிகிறதா பாருங்கள்" என்று எழுதினால் அவர் ஏசியைப் போய்ப் பார்ப்பார், கூலண்ட் ஒழுகித் தீர்ந்து எஞ்சின் போய்விடும்.

இன்னொன்று, முதல் வாக்கியத்தில் 'முழுக்க ஆறிய பிறகே' என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். சூடாக இருக்கும்போது உள்ளே அழுத்தம் இருக்கும், மூடியைத் திருகிய நொடியில் கொதிப்பு முகத்தில் அடிக்கும்.

அப்புறம் இதையும் கையேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் இடையே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் எண்ணெயும் கூலண்டும் கலந்து பால்காபி நிறத்தில் இருக்கலாம். எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெண்மை இருந்தால் பயப்பட வேண்டாம், குறைந்த தூரம் மட்டுமே ஓடும் வண்டிகளில் ஈரம் தங்கி அப்படி வரும். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தால் அதிலும் அதே நிறம் இருக்கிறதென்றால்தான் கவலை. காலையில் ஆறிக் கிடக்கும் எஞ்சினை முடுக்கி ஒரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல்லுப் போல் விறைத்தால் எஞ்சினில் எரிந்த வாயு கூலண்டுக்குள் புகுகிறது என்று அர்த்தம், ஏனென்றால் சூடே ஏறாமல் அழுத்தம் வர வேறு வழியில்லை. விற்பவர் நீங்கள் போகும் முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இதைப் பார்க்க முடியாது. அதனால்தான் வாங்கிய பிறகாவது ஒரு காலை ஆறின எஞ்சினில் பார்க்கச் சொல்கிறேன். சூட்டைக் காட்டும் முள் மேலேறாமல் எப்போதும் அடியிலேயே கிடந்தாலும் மகிழ வேண்டாம், சூட்டுக்கேற்பக் கூலண்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டிருக்கலாம், இல்லை சூடேறும் தொல்லையை மறைக்க யாரோ அதைக் கழற்றியே வீசியிருக்கலாம்.

இயற்பியல் ஆசிரியர்:

பணிமனை அண்ணா சொன்னதோடு ஒரு கருத்து. அந்த நீர்மம் உண்மையில் குளிர்விப்பதே இல்லை, எஞ்சினின் வெப்பத்தை வாங்கிச் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்குகிறது. சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் கெட்டிக்காரன். பிறகு ஏன் கிளைக்கால் என்ற வேதிப்பொருளைக் கலக்கிறோம்? தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும், 0 பாகையில் உறையும், உலோகத்தை அரிக்கும். எத்திலீன் கிளைக்காலும் நீரும் பாதிக்குப் பாதி கலந்தால் கொதிநிலை 107 பாகையை ஒட்டிப் போகிறது, உறைநிலை கழித்தல் 37 வரை இறங்குகிறது. ரேடியேட்டர் மூடி ஒரு பார், அதாவது ஏறக்குறைய ஒரு வளிமண்டல அளவுக்குக் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால் கொதிநிலை 125ஐத் தாண்டும். மூடியின் ரப்பர் நைந்திருந்தால் அந்தப் பாதுகாப்பு முழுக்கப் போச்சு. கலவையில் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் இருக்கின்றன, அவை சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஆக இது கொதியாமல், உறையாமல், அரிக்காமல் வெப்பத்தைச் சுமக்கும் ஒன்று. இத்தனையும் ஒரு சொல்லில் அடங்காது, அடக்கவும் வேண்டாம். ஆனால் நச்சு என்பதை எங்காவது எழுதுங்கள். இனிப்பாக இருப்பதால் குழந்தைகளும் நாய்களும் நக்கிவிடும் ஆபத்து உண்டு.

இதோடு ரேடியேட்டரைக் கதிர்வீசி என்று எழுதுவதையும் நிறுத்தினால் நல்லது. அங்கே வெப்பத்தில் பெரும்பகுதி வெளியேறுவது காற்றோட்டத்தால், கதிர்வீச்சால் அல்ல. இரவல் வாங்கிய சொல்லின் பிழையையும் சேர்த்து ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

தனித்தமிழ் ஆர்வலர்:

தணிமம் என்று வைக்கலாம். தனிமம், கனிமம், நீர்மம், திண்மம் எல்லாம் மகர விகுதியில் நிலைத்துவிட்டன, ஒருவரும் குறை சொல்வதில்லை. தணிதல் என்பதைப் பாருங்கள், சினம் தணியும், தாகம் தணியும், காய்ச்சல் தணியும். வெம்மை அடங்குவதற்கென்றே தமிழ் வைத்திருக்கும் வினை அது. தண் என்பதோடும் உறவுடையது என்று நினைக்கிறேன். 1104ஆம் குறளை நினைத்துப் பாருங்கள், நீங்கினால் தெறும் (சுடும்), குறுகினால் தண்ணென்னும் தீ! சுடுவதும் குளிர்வதும் ஒரே பொருளில் என்ற கருத்தே அதில் இருக்கிறது. எஞ்சினை நெருங்கும்போது சுட்டு, ரேடியேட்டருக்கு வந்ததும் தண்ணென்று ஆகும் இந்த நீர்மத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. தெறு என்ற வினையை நாம் இழந்துவிட்டதே பெரிய குறை. எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுவதைத் தெறுதல் என்றே சொல்லலாமே!

இலக்கண ஆசிரியர்:

தம்பி, குறள் அழகு, காதலியைப் பற்றியது, அங்கேயே இருக்கட்டும். தணிமம் அச்சில் தனிமம் ஆகிவிடும். மூன்று சுழிக்கும் இரண்டு சுழிக்கும் இடையே எஞ்சினை நிறுத்தாதீர்கள். வேதியியல் படித்த பிள்ளைகள் இது ஏதோ புதுத் தனிமம் என்றே எண்ணுவார்கள். தண்ணீர் என்பதே தண் சேர்ந்த சொல்தான், வெந்நீர்க்கு எதிர். நாம் சுடுதண்ணீர் என்று சொல்லும்போது தண் இருப்பதை யாரும் உணர்வதில்லை. வேர் அந்த அளவுக்குத் தேய்ந்துவிட்ட பிறகு அதன்மேல் புதிதாக எதைக் கட்டினாலும் பொருள் கேட்பவருக்கு எட்டாது.

இயற்பியல் ஆசிரியர்:

அப்படியானால் சூடுதணி? சூடு எல்லோருக்கும் தெரியும், தணி எல்லோருக்கும் தெரியும், ஏசியோடு குழப்பமும் இல்லை.

பணிமனை நடத்துபவர்:

சூடுதணி நன்றாக இருக்கிறது, காதுக்குப் பழகிவிடும். ஆனால் கடையில் விற்கும் பாட்டிலில் கூலண்ட் என்றுதான் அச்சிட்டிருக்கும். கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் சூடுதணி கேட்டால் கடைக்காரர் விழிப்பார், வாங்கப் போனவரும் அலுத்துப்போய் வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்துவிடுவார். மூன்றாவது வாக்கியம் எதற்காக எழுதப்பட்டதோ அதுவே கெட்டுப்போகும். இன்னொரு தொல்லை, நிறத்தை நம்பிக் கலப்பார்கள். பச்சை எல்லாம் ஒன்றல்ல, நிறத்துக்குப் பொதுவான விதி கிடையாது, வண்டியின் கையேடு எந்த வகை சொல்கிறதோ அதுதான். இந்த இடத்தில் பாட்டிலில் இருக்கும் சொல்லே கையேட்டிலும் இருந்தாக வேண்டும்.

தனித்தமிழ் ஆர்வலர்:

பாட்டிலில் இருப்பதையே எழுதிக்கொண்டிருந்தால் பாட்டிலில் என்றைக்குத்தான் தமிழ் வரும், அண்ணா?

கையேட்டை மொழிபெயர்ப்பவர்:

நாளை அனுப்பியாக வேண்டும், எனவே இப்படிச் செய்கிறேன். அத்தியாயத்தின் தலைப்பிலும் முதல் பத்தியிலும் 'கூலண்ட் என்னும் சூடுதணி' என்று வரும். விளக்கங்களில் சூடுதணி. எச்சரிக்கைகளிலும் கடையில் வாங்கச் சொல்லும் இடத்திலும் கூலண்ட் மட்டுமே. ரேடியேட்டரை அப்படியே விட்டுவிடுகிறேன், கதிர்வீசி இல்லை. வெள்ளை அட்டையையும் ஆறிய எஞ்சினில் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்ப்பதையும் நச்சு பற்றியதையும் சேர்த்துவிட்டேன். பெரும்பாலோர் இதற்குச் சரி என்று தனிமடலில் எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி.

இலக்கண ஆசிரியர்:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். தணிகிறது, தணிக்கிறது என்று இருவகையிலும் வரும் வினை இது. சூடுதணி என்றால் சூட்டைத் தணிப்பது என்றும் கொள்ளலாம், சூடு தணியும் இடம் என்றும் கொள்ளலாம். முருகன் சினம் தணிந்த இடம் தணிகை என்று சொல்வதில்லையா? அந்த வழியில் பார்த்தால் சூடு தணியும் இடம் ரேடியேட்டர்தான், சூடுதணி என்ற பெயர் அதற்குத்தான் சேர வேண்டும். நீங்கள் தமிழ்ப் பெயர் இல்லாமல் விட்டுவைத்திருப்பதும் அதைத்தான். அடுத்த பதிப்பில் சூடுதணியை ரேடியேட்டருக்குக் கொடுத்துவிட்டுக் கூலண்டுக்குக் குளிர்வியைக் கொண்டுவாருங்கள். ஏசியோடு குழப்பம் வரும் என்றால் எஞ்சின் குளிர்வி என்று முன்னால் ஒரு சொல் சேர்த்துக்கொள்ளலாம்.