கல்லில் இறங்கும் துருவுக்கு ஒரு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம். பழங்கட்டடப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். கலைச்சொல் பட்டியல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கல்லின் மேல் படியும் துருவுக்கு ஒரு சொல்லும், உள்ளே இறங்கிவிட்டதற்கு வேறொரு சொல்லும் வேண்டும். கல்லில் பதித்த இரும்புப் பட்டை ஈரத்தில் அரிக்கிறது. கரைந்த இரும்பு நீரோடு நுண்துளைக்குள் போகிறது. அங்கே ஆக்சிஜன் பட்டதும் துருவாகித் தங்கிவிடுகிறது. காரத்தன்மையுள்ள சலவைக்கல்லில் இது இன்னும் விரைவு. ‘துருக்கறை’ என்று மட்டும் எழுதினால் படிப்பவர் ஈரத்துணியைத் தேடுவார்.

* * *

ஊறுகறை! வினைத்தொகை. ஊறின, ஊறுகிற, ஊறும் என முக்காலமும் அடக்கம். போதாததற்கு, ‘ஊறு’ என்றால் கேடு, திருக்குறளில் தொடுவுணர்வு. ஒரே சொல்லில் மூன்று லாபம்.

* * *

> ஒரே சொல்லில் மூன்று லாபம்

கவிதைக்கு லாபம், கலைச்சொல்லுக்கு நட்டம். தவிர, எந்த வகுப்பில் ‘ஊறுகறை’ என்றாலும் பின்வரிசை ‘ஊறுகாய்’ என்று முடிக்கும். முப்பது ஆண்டு பாடம் நடத்தியவன் சொல்கிறேன்.

* * *

ஈழத்தில் இரும்பு ‘கறள்’ பிடிக்கும். கறள் என்றாலே போதுமே, ஐயா? துருவையும் கறையையும் ஏன் ஒட்டவைக்க வேண்டும்?

* * *

அருமை. கறள், கறை, கறுப்பு மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. துருவோ ‘துருவு’ என்பதன் உறவு என்றே எண்ணுகிறேன், துளைத்துக்கொண்டு போவது. ஆக, துரு என்பதிலேயே ஊடுருவல் இருக்கிறது, தனிச்சொல் எதற்கு? புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் ‘கறைமிடறு அணியலும் அணிந்தன்று’ என வருவதால் கறை அங்கே அணி. சேதத்துக்கு அதை வைப்பது தகுமா? இன்னொன்று: கல்லிலேயே உள்ள பைரைட் என்னும் இரும்புக் கனிமம் சிதைந்து வரும் துரு வெளியிலிருந்து வந்ததன்று, செம்பில் களிம்புபோல உடன்பிறந்தது. சைவ சித்தாந்திகள் உயிரோடு உடன்பிறந்த ஆணவ மலத்தைச் சொன்னார்களே, அதற்கு…

* * *

ஆணவ மலத்தை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு பார்ப்போம், ஐயா. கறை நீக்கும் வேலை செய்பவள் நான். வலுவான அமிலத்தை ஊற்றினால் கறைக்கு முன் சலவைக்கல் கரையும். அதனால் சிட்ரேட் கரைசலில் குழைத்த களிமண்ணைப் பற்றுப் போடுகிறோம். காய்ந்து வெடித்த பற்றை உரித்தால் அதன் அடிப்பக்கம் மஞ்சள், கல் வெளுத்திருக்கும். சில நாளில் அதே இடத்தில் பழுப்பு மறுபடி தலைகாட்டும், ஏனென்றால் ஈரம் காயக் காய உள்ளிருக்கும் இரும்பும் மேலே வருகிறது. எங்களுக்குத் தொல்லை தருவது ஊறுவது அல்ல, ஏறுவது. ஏதென்ஸ் நகரின் பார்த்தினான் கோயிலில் பழைய கிரேக்கர் இரும்புப் பட்டைகளுக்கு ஈயம் வார்த்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழுதுபார்த்தவர்கள் வெறும் இரும்பை வைத்தார்கள். துரு பெருத்துக் கல்லைப் பிளந்தது. இப்போது அங்கே டைட்டானியம். அதற்கு என்ன சொல் என்று தயவுசெய்து யாரும் தொடங்க வேண்டாம்.

* * *

மேலே படிந்தது ‘துருக்கறை’, உள்ளே போனது ‘ஊடுருவிய துருக்கறை’. நீளம்தான், ஆனால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஐவர் சரி என்கிறார்கள், அவர்களில் மூவர் களைத்துப்போய். அனுப்பிவிடுகிறேன்.

* * *

‘ஊடுருவு’ என்பதில் இருப்பது உருவு, துருவு அன்று. பதிவுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

* * *

அடைப்புக்குறிக்குள்ளாவது ‘கறள்’ போட இடமில்லையா?