புதுப்பிப்பு: ஓடிபி ரீசெண்ட் பட்டன் டைமர் சரியாயிடுச்சு

முன்னாடி கேட்டிருந்தேன்ல, ஃப்ளட்டர் (மொபைல் ஆப் செய்யறதுக்கான கூகுள் டூல்) ஆப்ல ஓடிபி "மறுபடி அனுப்பு" பட்டனை அமுக்கினா 30 செகண்ட் டிசேபிள் ஆகி, அப்புறம் தானாவே திரும்ப எனேபிள் ஆகணும், ஆனா யூசர் மெசேஜ் பாக்க வேற ஆப்புக்குப் போயிட்டு வந்தா கவுண்ட் விட்ட இடத்துலயே நிக்குதுன்னு. அது இப்ப சரியாயிடுச்சு!

விஷயம் என்னன்னா ஆப் பேக்ரவுண்டுக்குப் போனா ஓஎஸ் அதை நிறுத்தி வச்சிடலாம், ஐபோன்ல கொஞ்ச நேரத்துலயே நிறுத்திடும், அப்ப டைமர் பீரியாடிக்கும் (குறிப்பிட்ட இடைவெளியில திரும்பத் திரும்ப ஓடுற டைமர்) சேர்ந்து நின்னுடும், அதனால செகண்டை ஒவ்வொண்ணா கழிச்சுட்டு வர்ற முறையை நம்பவே கூடாது. பட்டனை அமுக்கின உடனே முடியுற நேரத்தை, அதாவது இப்ப நேரம் கூட்டல் 30 செகண்ட், ஒரு வேரியபிள்ல வச்சிடுங்க. டைமர் ஸ்கிரீனைப் புதுப்பிக்க மட்டும்தான். மிச்சம் எவ்வளவுன்னு ஒவ்வொரு டிக்லயும் புதுசா கணக்குப் போடணும், யூசர் திரும்பி வந்து ஆப் ரெஸ்யூம் ஆகும்போதும் ஒருதடவை. பூஜ்யமோ அதுக்குக் கீழயோ போயிட்டா டைமரை கேன்சல் பண்ணி பட்டனை எனேபிள் பண்ணிடுங்க, அவ்ளோதான் ரீசெட்.

டிஸ்போஸ்ல (ஸ்கிரீன் மூடும்போது ஓடுற ஃபங்ஷன்) டைமரை கேன்சல் பண்றது ரொம்ப முக்கியம், இல்லன்னா ஸ்கிரீன் மூடின பிறகும் டைமர் செட்ஸ்டேட்டை (ஸ்கிரீனைப் புதுப்பிக்கச் சொல்ற ஃபங்ஷன்) கூப்பிட்டு எர்ரர் வரும். முழு பேஜும் ரீபில்ட் ஆகாம இருக்க வேல்யூ நோட்டிஃபையர் (மதிப்பு மாறினா அதைக் காட்டுற இடத்தை மட்டும் புதுப்பிக்க உதவுறது) போட்டேன், சூப்பரா இருக்கு.

போன்ல நேரத்தை மாத்தி ஏமாத்தலாமேன்னு ஒருத்தர் கேட்டீங்க, நியாயமான கேள்வி. மாத்தலாம், அதனால சர்வர்லயும் அதே 30 செகண்ட் லிமிட் கண்டிப்பா வைங்க.