மறு: கிரிஸ்டே: மடிப்பா, சூட்டா, கொசுவமா?

குழுவினருக்கு வணக்கம்.

பதினோராம் வகுப்பு ஆசிரியர் கையேடு நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. செல்லுக்கு ஆற்றல் செய்து தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவைத் தமிழாக்காமல் அப்படியே விட்டுவிடலாம் என்று முந்தாநாளே முடிவாயிற்று. (இலங்கையில் புழங்கும் 'இழைமணி' எனக்கு மிகவும் பிடிக்கும். 1898-இல் ஜெர்மன் அறிஞர் பெண்டா வைத்த பெயரே இழை, மணி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைக் கோத்ததுதான். ஆனால் இங்கே பிள்ளைகள் தேர்வில் எழுதப்போவது மைட்டோகாண்ட்ரியா.) மிச்சம் கிரிஸ்டே மட்டும்: மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு உள்நோக்கி மடிந்து நிற்கும் பகுதிகள். இவற்றுக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதுதான் கேள்வி.

> கிரிஸ்டா என்றால் இலத்தீனில் கொண்டை. சேவல் கொண்டைக்குச் 'சூட்டு' என்று நல்ல சொல் இருக்க, வேறு எதற்கு?

ஐயா, அழகான சொல்தான். ஆனால் "சூட்டில் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) உருவாகிறது" என்று எழுதிப் பாருங்கள். எந்தப் பிள்ளையும் வெப்பம் என்றுதான் படிக்கும். அதே பாடத்தில் பழுப்புக் கொழுப்பும் வருகிறது. அங்கே புரோட்டான்கள் ஏடிபி செய்யாமலே கசிந்து, நிஜமாகவே சூடு உண்டாகிறது. அந்தப் பத்தியை எப்படி எழுதுவது?

சரி, மடிப்பு? துவைத்த வேட்டியை மடித்தால் ஒன்றன்மேல் ஒன்று அழுந்திப் படுத்துவிடும். கிரிஸ்டேயில் நடுவே உள்ள இடைவெளிதான் முக்கியம். உட்சவ்வில் உள்ள புரதத் தொடரான எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி புரோட்டான்களைத் தள்ளிச் சேர்ப்பது அந்தப் பைக்குள்ளேதான். அவை ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி வழியாக மேட்ரிக்ஸுக்கு (உட்சவ்வுக்கு உள்ளே உள்ள பகுதி) திரும்பும்போது நொதியின் தண்டு சுழல்கிறது. சுற்றுக்கு மூன்று ஏடிபி.

நேற்று அம்மா சேலை கட்டுவதைக் கவனித்தேன். விரலிடுக்கில் மடித்து மடித்து எடுத்து, இடுப்பில் இறுக்கிச் செருகினார். செருகின இடம் குறுகல், கீழே விரிவு. எங்கும் வெட்டு இல்லை, ஒரே துணி. உட்சவ்வும் அப்படித்தான்: கிரிஸ்டே அதன் தொடர்ச்சி, வாய் குறுகல். இதய செல்களில் இவை நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஏடிபி செய்ய அவ்வளவு பரப்பு வேண்டியிருக்கிறது. இத்தனையும் 'கொசுவம்' என்ற ஒரே சொல்லில் வந்துவிடுகிறது.

கொச்சை என்றார் ஒருவர். அது கொய்சகத்தின் மரூஉ. கொய்தல் பறித்தல் மட்டுமல்ல, துணியைக் கூட்டி மடிப்பதும்தான். இங்கிருந்து சங்கப் பாடலின் 'கொய்சுவல் புரவி'க்குத் தாவி, கத்தரித்த பிடரியா, கொசுவிய பிடரியா என்று ராத்திரி முழுக்கப் பேசிவிட்டோம். கையேடு போகட்டும், அப்புறம் தொடர்வோம்.

இதுவரை ஏழு பேர் மடிப்பு, மூன்று பேர் கொசுவம், ஒருவர் சூட்டு. அச்சுக்கு 'உள்மடிப்பு' என்றே அனுப்புகிறேன். படத்தின் கீழே மட்டும் "சேலைக் கொசுவம் போல" என்று சேர்த்திருக்கிறேன். அதை எடுக்கச் சொல்லாதீர்கள்.

---

> அதை எடுக்கச் சொல்லாதீர்கள்.

சொல்லவில்லை, இருக்கட்டும். ஆனால் 'சூட்டுகள்' என்று பன்மையில் எழுதினால் வெப்பம் எங்கே வருகிறது? கிரிஸ்டேவும் பன்மைதானே. என் வாக்கு மாறவில்லை.