நம்ம ஏரியா சமுதாயக் கூடத்துக்கு ஓவியம், சிற்பம் செய்ய வைத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

வியாசர்பாடிக்காரன்:
2024இல் சென்னைப் பெண் காசிமா அமெரிக்காவில் கேரமில் 3 தங்கம் ஜெயித்ததும், எங்கள் கூடத்துச் சுவரில் கேரம் ஓவியம் வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. எங்கள் இளவழகி 2008இல் உலகப் பட்டம் வாங்கியபோதே வரைந்திருக்க வேண்டும். ஓவியர் கிடைத்தார். ஸ்கெட்சுக்குக் கையெழுத்துப் போட்டது நான்தான். சாரம் பிரிக்கிற அன்று மாலை, அங்கே விளையாடும் 9 வயதுப் பெண் ஒருத்தி விரலில் பவுடரோடு வந்து அண்ணாந்து பார்த்தாள். "அண்ணா, ஸ்ட்ரைக்கர் ஒரு கோட்டைத்தான் தொடுது. ரெண்டையும் தொடணும். இது ஃபவுல்." ஓவியர் கோபப்படவில்லை. அவளைப் போர்டில் கை வைக்கச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு மறுநாள் மாற்றி வரைந்தார். அந்தப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு நாள் ஸ்கெட்சைக் காட்டியிருக்கலாம். இன்னும் உறுத்துகிறது.

காசிமேட்டுப் பொண்ணு:
உங்களுக்காவது மாற்ற முடிந்தது. எங்களுக்கு இரும்பில் பெரிய வஞ்சிரம் செய்து வைத்தார்கள். சிற்பி இந்தப் பக்கம் வந்ததே திறப்பு விழாவுக்குத்தான். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் மீன் வயிற்றிலிருந்து தரை வரைக்கும் துரு வழிந்து காவிக் கோடு. மீன் ஏலம் முடித்து வந்த அத்தை அதை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. "உப்புக் காத்து நங்கூரத்தையே தின்னுடும், இது எம்மாத்திரம்மா" என்றார்.

வண்ணாரப்பேட்டை மேஸ்திரி:
தங்கச்சி சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தப்பு இரும்பில் இல்லை, பூச்சில். கடலோரத்தில் ரெட் ஆக்சைடு மட்டும் அடித்தால் நிற்காது. துத்தநாகப் பூச்சு கொடுத்து, மேலே எபாக்சி பெயிண்ட் அடிக்க வேண்டும். எங்கள் கூடத்தில் மயில் வரைந்தார்கள். சுவருக்குப் பின்னால் கழிப்பறை. ஓதம் ஏறி உப்புப் பூத்து, மயில் கழுத்து அப்பளம் மாதிரி உரிந்து என் கையிலேயே வந்தது. அதனால் சொல்கிறேன். சுவரில் புதுச் சிமெண்ட் பூச்சு என்றால் 28 நாள் காயவிட்டுத்தான் பட்டி, பிரைமர். மொட்டைமாடித் தண்ணீர்க் குழாய் அந்தச் சுவரில் இறங்குகிறதா என்று மழையில் போய்ப் பாருங்கள். அப்புறம், கல்யாணத்துக்கு ஃப்ளெக்ஸ் கட்டுகிறவர்கள் ஓவியத்திலேயே ஆணி அடிப்பார்கள். முதலிலேயே மேலே இரும்பு வளையம் பதித்துவிடுங்கள். முழுப் பணத்தையும் திறப்பு விழா அன்றே கொடுக்காதீர்கள். ஒரு பங்கை ஒரு மழைக்காலம் தாண்டித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

காசிமேட்டுப் பொண்ணு:
அண்ணே, எபாக்சி சரி. எங்கள் துறைமுகத்தில் ஒரு விடியற்காலை நின்றிருந்தால், படகோரத்து இரும்பெல்லாம் என்ன நிறம் என்று அந்தச் சிற்பியே பார்த்திருப்பார். நான் கேட்பது அதைத்தான். அத்தை இன்னும் அந்தப் பக்கம் போனால் துடைத்துவிட்டுத்தான் வருகிறார்.